வரிக் கடிதம் வருவதற்கு முன்: தனியாகக் கான்ட்ராக்ட் எடுப்பவர்களுக்கு

மலேசியாவில் பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட்டில் சிறு கான்ட்ராக்டர்களுக்குக் கணக்கு எழுதிக் கொடுப்பது என் வேலை. செம்பனைக் குலை ஏற்றும் லோரிக்காரர்கள், வயரிங் செய்பவர்கள், தோட்டத்தில் புல் வெட்டவும் மருந்தடிக்கவும் ஆள் வைத்து வேலை எடுப்பவர்கள்தான் என்னிடம் அதிகம். இப்போது வீட்டிலிருந்தே கணினியில் வெளிநாட்டுக் கம்பெனிகளுக்கு வேலை செய்யும் பிள்ளைகளும் வருகிறார்கள். லண்டன் கம்பெனி ஒன்றுக்கு வேலை செய்யும் ஒரு பெண், "அக்கா, அங்கே கான்ட்ராக்டில் இருப்பவர்கள் வரி விசாரணைக் காப்புறுதி எடுத்திருக்கிறார்கள், சங்கத்திலும் சேர்ந்திருக்கிறார்கள். நானும் சேரட்டுமா?" என்று கேட்டாள். லோரிக்காரருக்கும் அதே கேள்வி பொருந்தும் என்பதால் எல்லாருக்குமாக எழுதுகிறேன்.

அந்தக் காப்புறுதி எதற்குப் பணம் கொடுக்கும் என்பதை முதலில் தெரிந்துகொள்ளுங்கள். வரி அலுவலகம் உங்கள் கணக்கைத் துருவும்போது உங்கள் பக்கம் பேச வரும் கணக்காளர், வக்கீல் ஆகியோரின் கட்டணத்தை அது ஏற்கும். வரியையோ அபராதத்தையோ உங்களுக்காகக் கட்டாது. வருமான வரிப் பாரத்தை (ஃபார்ம்) காலத்தோடு அனுப்பியிருக்க வேண்டும், காப்புறுதி எடுப்பதற்கு முன்பே தொடங்கிய விசாரணை சேராது, வேண்டுமென்றே மறைத்த வருமானம் என்றால் கைவிரித்துவிடுவார்கள். இவை வழக்கமான நிபந்தனைகள். கணக்காளரை அமர்த்துவதற்கு முன் காப்புறுதிக் கம்பெனியின் சம்மதம் வாங்க வேண்டும் என்றும் பெரும்பாலும் இருக்கும். கடிதத்தைக் கண்ட பதற்றத்தில் முதலில் ஆளைப் பிடித்துவிட்டு அப்புறம் பில்லை நீட்டினால் அது செல்லாமல் போகலாம். ஆகவே விளம்பரத் தாளைப் பார்த்து முடிவெடுக்காதீர்கள், பாலிசியில் விலக்குகள் உள்ள பக்கத்தைக் கேட்டு வாங்கிப் படியுங்கள்.

பிரிட்டனில் இந்தக் காப்புறுதியும் சங்கமும் ஒன்றாக வருவதற்குக் காரணம் இருக்கிறது. சொந்தக் கம்பெனி வைத்து கான்ட்ராக்ட் எடுப்பவர், நடைமுறையில் ஒரு முதலாளியிடம் சம்பளத்துக்கு இருப்பவர் போல வேலை செய்தால் அவரிடம் சம்பளக்காரர் போலவே வரி வாங்க வேண்டும் என்று ஐஆர்35 என்ற விதி 1999-இல் அறிவிக்கப்பட்டு 2000 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்தது. அதை எதிர்க்க 1999-இல் தொடங்கிய கான்ட்ராக்டர்கள் சங்கம்தான் 2014-இல் இப்ஸி என்று பெயர் மாற்றிக்கொண்டது. விசாரணை வந்தால் தனி ஆளால் வக்கீல் செலவைத் தாங்க முடியாது என்பதால் உறுப்பினர் சந்தாவோடு காப்புறுதியையும் சேர்த்துக் கொடுக்க ஆரம்பித்தார்கள். அங்கே இருப்பவர்களுக்கு நல்ல ஏற்பாடு.

ஆனால் அந்தப் பாலிசி பேசுவது எச்எம்ஆர்சி என்ற பிரிட்டன் வரி அலுவலகத்தோடு. சுங்கை சிப்புட்டில் உட்கார்ந்து செய்யும் வேலைக்குப் பவுண்டில் பணம் வந்தாலும், வேலை நடந்த இடம் மலேசியா. வெளிநாட்டிலிருந்து வரும் பணத்துக்கு வரி இல்லை என்று காப்பிக் கடையில் சொல்வதை நம்பி இருந்துவிடாதீர்கள். இங்கே செய்த வேலையின் வருமானம் இந்நாட்டு வருமானம்தான். உங்களுக்குக் கடிதம் போடப்போவது நம் நாட்டு வரி அலுவலகமான எல்எச்டிஎன். யார் எந்தக் காப்புறுதியைக் காட்டினாலும், "எந்த நாட்டு வரி அலுவலகத்தின் ஆடிட்டுக்கு இது செல்லும்?" என்று எழுத்தில் கேளுங்கள். எல்எச்டிஎன் என்ற பெயர் பதிலில் இல்லையென்றால் அந்தப் பணம் வீண். அது இருந்தால், விற்கும் காப்புறுதிக் கம்பெனிக்கு நம் மத்திய வங்கியான பேங்க் நெகாராவின் உரிமம் இருக்கிறதா என்று பாருங்கள்.

சங்கம் வேறு விஷயம். அதை நான் பலமாகச் சொல்வேன். தோட்டத்தில் வேலை செய்த நம் அப்பா அம்மாவுக்கு 1954 முதல் தேசியத் தோட்டத் தொழிலாளர் சங்கம் இருந்தது. தோட்டங்கள் துண்டு போட்டு விற்கப்பட்டபோது, இதே சுங்கை சிப்புட்டைச் சேர்ந்த அரசியல் தலைவர் துன் சம்பந்தன் 1960-இல் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். அந்தத் தோட்டத் தொழிலாளர்களின் பிள்ளைகள் கான்ட்ராக்டர் ஆனதும் தனித்தனியாக நிற்கிறார்கள். செம்பனை ஆலை பணத்தை இழுத்தடித்தாலும் தனி, வரிக் கடிதம் வந்தாலும் தனி. எனக்கு இது மனவருத்தம் தரும் விஷயம். மாநிலந்தோறும் இந்தியர் வர்த்தகச் சங்கங்கள் இருக்கின்றன, அவற்றின் கூட்டமைப்புதான் மைக்கி. சேர்வதற்கு முன் ஏற்கெனவே உறுப்பினராக உள்ள ஒரு சிறு கான்ட்ராக்டரிடம் பேசுங்கள். சிக்கல் வந்தபோது சங்கத்தில் யாரைக் கூப்பிட்டார், அவர் போனை எடுத்தாரா, வரி ஏஜென்டிடம் அனுப்பி வைத்தார்களா என்று விசாரியுங்கள். ஆண்டுக் கூட்டக் கணக்கைக் காட்டத் தயங்கும் சங்கம் வேண்டாம். விருந்தும் படமும் மட்டும் நடக்கும் இடமும் வேண்டாம்.

கட்டுமானத் தொழில் மேம்பாட்டு வாரியமான சிஐடிபியின் பதிவைச் சிலர் சங்கம் என்று நினைக்கிறார்கள். அது கட்டுமான வேலை எடுப்பவர் சட்டப்படி செய்ய வேண்டிய பதிவு. வரிப் பிரச்சினையில் அது உங்களுக்குத் துணைக்கு வராது.

இனி ஆள். எல்எச்டிஎன் முன்னால் உங்களைப் பிரதிநிதிக்க, வருமான வரிச் சட்டம் 153-ஆம் பிரிவின் கீழ் அங்கீகாரம் பெற்ற வரி ஏஜென்ட் வேண்டும். என்னைப் போலக் கணக்கு எழுதுபவர்களுக்கு அந்த உரிமை இல்லை. சொந்தத் தொழில் செய்பவரின் வரிப் பாரமான பாரம் பி-யை அனுப்ப ஏஜென்டுக்கு ஆண்டுக் கட்டணம் கொடுக்கும்போதே, "ஆடிட் வந்தால் அதற்குத் தனிக் கட்டணமா? எவ்வளவு?" என்று கேட்டு ஒப்பந்தக் கடிதத்தில் எழுதச் சொல்லுங்கள். என்னைக் கேட்டால், நம் ஊர் அளவுக்கு இந்த ஒரு வாக்கியம் காப்புறுதிக்குப் பாதி சமம்.

மீதிப் பாதி உங்கள் ஃபைல். ஆவணங்களை 7 ஆண்டு வைத்திருக்க வேண்டும் என்பது 82ஏ பிரிவு. டீசல் பில்லை எடுத்துப் பாருங்கள். வழவழப்பான தாளில் சூட்டில் அச்சான எழுத்து. லோரி டேஷ்போர்டு வெயிலில் கிடந்தால் வெள்ளைத்தாள் ஆகிவிடும், வீட்டு அலமாரியில் வைத்தாலும் 7 ஆண்டு தாங்காது. வாங்கிய அன்றே பின்பக்கம் லோரி நம்பரை எழுதிப் போனில் படம் எடுங்கள், மாதக் கடைசியில் நகல் எடுத்து, ஆலையின் நிறுவைச் சீட்டுகளோடு ஒரே உறையில் போடுங்கள். ஏற்றிய டன்னும் ஊற்றிய டீசலும் ஒரே மாதத்தில் பக்கத்தில் பக்கத்தில் இருந்தால் அதிகாரிக்குக் கேள்வி குறையும். ஆலை தன் கணக்கில் உங்களுக்குக் கொடுத்ததாகக் காட்டும் தொகை ஒன்று, உங்கள் பாரத்தில் இருப்பது வேறொன்று என்றால் தொல்லை தொடங்கும்.

வங்கிக் கணக்கில் வேலைப் பணத்தையும் வீட்டுப் பணத்தையும் கலக்காதீர்கள். அண்ணன் கடனாகப் போட்ட 5,000 வெள்ளி (ரிங்கிட்), நகையை அடகு வைத்து வந்த பணம், கல்யாண மொய், எல்லாமே அதிகாரியின் கண்ணுக்கு வரவுதான். அது வருமானம் இல்லை என்று காட்ட வேண்டியது நீங்கள். அடகுச் சீட்டின் நகலையும் கடன்தான் என்று அண்ணனிடம் எழுதி வாங்கிய ஒரு சிறு கடிதத்தையும் அதே உறையில் வையுங்கள்.

வருமானம் எதுவும் விட்டுப்போயிருப்பது தெரிந்தால் கடிதம் வரும்வரை காத்திருக்காதீர்கள். நீங்களாகப் போய்ச் சொன்னால் அபராதம் குறையும். அவர்கள் கண்டுபிடித்தால் 113(2) பிரிவின்படி குறைத்துக் காட்டிய வரியின் அளவுக்கே அபராதம் போடலாம். பாரமே அனுப்பாதவருக்கு 112(3)-இல் மூன்று மடங்கு வரை போகலாம். சாதாரணமாக 5 ஆண்டு பின்னோக்கிப் பார்ப்பார்கள், மோசடி அல்லது கவனக்குறைவு என்றால் அந்த எல்லை கிடையாது.

கடிதம் வந்துவிட்டதா? வந்த தேதியை உறை மேல் எழுதுங்கள். காப்புறுதி இருந்தால் அன்றே அவர்களுக்குத் தெரிவியுங்கள், பிறகு ஏஜென்ட். கேட்ட தாள்களை மட்டும் நகலாகக் கொடுத்து, கொடுத்ததற்குப் பட்டியல் போட்டுக் கையெழுத்து வாங்குங்கள். வாய்மொழியாக எதையும் ஒப்புக்கொள்ள வேண்டாம். முடிவில் வரும் வரி மதிப்பீட்டு நோட்டீஸ் சரியில்லை என்று தோன்றினால் 30 நாளுக்குள் பாரம் கியூ கொடுத்து மேல்முறையீடு செய்யலாம். மேல்முறையீடு நடந்தாலும் நோட்டீஸில் உள்ள தொகையைக் கட்டத்தான் வேண்டும். மொத்தமாக முடியாதென்றால் தவணை கேட்டு எழுத்தில் விண்ணப்பியுங்கள், பதிலும் எழுத்தில் வரட்டும்.