தூக்குவதற்கு முன் நான்கு கட்டைகள்

என் மோட்டார்ஹோமின், அதாவது வீட்டு வசதிகள் கொண்ட வண்டியின், பின்பக்க வலது சக்கரத்தை முதன்முதலாகத் தூக்கிய நாளில் ஹேண்ட் பிரேக் போட்டிருந்தேன்; கியரும் பார்க்கில் இருந்தது. சக்கரம் தரையை விட்டு எழும்பியதும் ஐந்தே கால் டன் வண்டி நான்கு விரற்கடை முன்னால் நகர்ந்தது. ஜாக்கி சாய்ந்தது, சக்கரம் மறுபடி தரையில் உட்கார்ந்தது. நான் வெளியே குந்தியிருந்ததால் தப்பித்தேன். இன்னும் இரண்டு நிமிடம் போயிருந்தால் கிரீஸ் துப்பாக்கியுடன் அடியில் படுத்திருப்பேன்.

ஏன் நகர்ந்தது என்று புரிய ஒரு வாரம் ஆயிற்று. என் வண்டியின் ஹேண்ட் பிரேக் சக்கரங்களைப் பிடிப்பதில்லை. கியர்பாக்ஸுக்குப் பின்னால் இருக்கும் ப்ரொப்பெல்லர் ஷாஃப்டை, பின்சக்கரங்களுக்குச் சுழற்சியைக் கொண்டுபோகும் தண்டை, பிடிக்கிறது. பார்க் கியர் பூட்டுவதும் அதே ஷாஃப்டைத்தான். ஷாஃப்ட் பூட்டியிருந்தாலும், இரு பின்சக்கரங்களையும் வெவ்வேறு வேகத்தில் சுழலவிடும் டிஃபரன்ஷியல் என்ற பற்சக்கரத் தொகுதி சும்மா இருக்காது: அந்தரத்தில் உள்ள சக்கரம் பின்னோக்கிச் சுழல, தரையில் உள்ளது முன்னோக்கி உருளும். ஒரு பின்சக்கரத்தைத் தூக்கினால் பிரேக்கே இல்லாத வண்டி! எல்லா வண்டிகளும் இப்படியில்லை. பின்சக்கரங்களையே பிடிக்கிற பிரேக்கும் உண்டு. உங்களுடையது எந்த வகை என்பதைக் கையேட்டில் பார்த்த பிறகு ஜாக்கியைத் தொடுங்கள்.

ஆகவே என் முதல் வேலை கட்டை போடுவது. பின்பக்கம் தூக்குவதென்றால் முன்சக்கரம் இரண்டுக்கும், ஒவ்வொன்றுக்கும் முன்னும் பின்னுமாக, மொத்தம் நான்கு. முன்பக்கம் தூக்கினால் கட்டைகள் பின்சக்கரங்களுக்கு. ஆப்பு வடிவக் கட்டைதான் வேண்டும். செங்கல், கருங்கல் எல்லாம் நழுவும். டயரை ஒட்டிச் செருகி, சுத்தியலால் ஒரு தட்டு தட்டிவிடுகிறேன். இடம் சமதளமான கான்கிரீட்டாக இருக்கட்டும். வெயிலில் தார் இளகி ஜாக்கியின் அடிப்பாகம் மெல்ல இறங்கும். வேறு வழியில்லையென்றால் அடியில் தடித்த பலகையோ இரும்புத் தகடோ போட வேண்டும். சரிவிலும் சரளையிலும் நான் தூக்குவதே இல்லை.

எடையை ஊகிக்காதீர்கள். எடைமேடையில் முன் ஆக்ஸிலையும் பின் ஆக்ஸிலையும், அதாவது சக்கரங்கள் பொருந்தியிருக்கும் அச்சுகளை, தனித்தனியாக எடை போட்டேன்: முன்னால் 1,750 கிலோ, பின்னால் 3,500. தண்ணீர்த் தொட்டி நிரம்பியிருந்தால் லிட்டருக்கு ஒரு கிலோ கூடும். தொட்டி பின் ஆக்ஸிலுக்கும் பின்னால் இருந்தால், நெம்புகோல் கணக்கில் அந்த ஆக்ஸிலின் மேல் விழும் சுமை தண்ணீரின் எடையையும் மிஞ்சும். தூக்கிய வண்டியைத் தாங்கி நிற்கும் ஸ்டாண்டு வாங்கும்போது பெட்டியில் போட்டிருக்கும் டன் கணக்கு ஒரு ஸ்டாண்டுக்கா, ஜோடிக்கா என்று பாருங்கள். பலர் ஏமாறுவது இங்கேதான்.

உண்மையில் பாதி வேலைகளுக்குத் தூக்கவே தேவையில்லை. இஞ்சின் ஆயில் மாற்ற, அகலமான பலகைகளைப் படிப்படியாக அடுக்கி அவற்றின்மேல் வண்டியை ஏற்றினாலே போதுமான இடைவெளி கிடைத்துவிடும். பின்னால் இரட்டை டயர் உள்ள வண்டியில் வெளி டயரை மட்டும் கழற்ற வேண்டுமானால், உள் டயரை ஒரு தடித்த பலகைமேல் ஏற்றுங்கள். வெளி டயர் தானே அந்தரத்தில் நிற்கும்.

தூக்கியே ஆக வேண்டுமென்றால், சக்கர நட்டுகளை டயர் தரையில் இருக்கும்போதே அரைச் சுற்று தளர்த்திவிடுங்கள். பக்கவாட்டில் நீளும் அறைகளை உள்ளே இழுத்து, எரிவாயு வால்வை மூடி, எல்லாரையும் வெளியே அனுப்புங்கள். என் மகன் ஒருமுறை செல்பேசி சார்ஜரை எடுக்க உள்ளே ஏறிவிட்டான். அவன் எடை நாற்பது கிலோதான். ஆனால் வண்டி ஆடிய ஆட்டத்தை நான் மறக்கவில்லை. இப்போது கதவைப் பூட்டிச் சாவியைச் சட்டைப்பையில் வைத்துக்கொள்கிறேன்.

சக்கரத்தைக் கழற்ற ஜாக்கியை ஆக்ஸிலுக்கு அடியில், ஸ்பிரிங் உட்காரும் இடத்தை ஒட்டி வைக்கிறேன். டிஃபரன்ஷியல் கூடு, தொட்டிகள், தரைப்பலகை, வீட்டுப் பகுதிக்காகச் சேசிஸ் என்ற அடிச்சட்டத்தில் பின்னர் ஒட்டவைத்த மெல்லிய சட்டங்கள் எதுவும் இந்தச் சுமையைத் தாங்கப் பிறந்தவை அல்ல. மூன்று சென்டிமீட்டர் தூக்கி நிறுத்திப் பாருங்கள். ஜாக்கி துளி சாய்ந்திருந்தாலும் இறக்கி மறுபடி வையுங்கள். பிறகு ஸ்டாண்டை நுழைத்து, எடை முழுவதையும் அதன்மேல் இறக்குங்கள். ஜாக்கி தூக்குவதற்கு மட்டுமே. உள்ளே ஒரு சீல் கசிந்தாலும் இறங்கிவிடும். கழற்றிய சக்கரத்தைச் சேசிஸுக்கு அடியில் படுக்கப் போடுங்கள். கடைசியாகப் பக்கத்தில் நின்று தோளால் ஒரு தள்ளு. ஏதாவது முனகினால் எல்லாவற்றையும் முதலிலிருந்து செய்யுங்கள்.

ஸ்டாண்டின் உயரம் பற்றவில்லையென்றால் கெட்டியான மரக்கட்டைகளைக் குறுக்கும் நெடுக்குமாக அடுக்கி மேடை கட்டலாம். கான்கிரீட் கல் மட்டும் வேண்டாம். அது வளையாது, எச்சரிக்காது, நொறுங்கும்.

வண்டியோடு வரும் சமன்படுத்தும் கால்கள் நாம் சாயாமல் தூங்குவதற்கானவை. அவற்றை நம்பி அடியில் போகாதீர்கள். பின்சக்கரங்கள் தரையை விட்டு எழும்பும் அளவுக்கு அவற்றால் தூக்கவும் வேண்டாம். காற்றுப் பை சஸ்பென்ஷன் உள்ள வண்டியென்றால், காற்று இறங்கியதும் உடல்பகுதி முழுவதும் சட்டென்று தாழும். சேசிஸுக்கு நேரடியாக ஸ்டாண்டு கொடுக்காமல் கையைக்கூட நீட்டக் கூடாது.

வேலை முடிந்ததும் ஜாக்கியின் வால்வை மெதுவாகத் திறவுங்கள். நட்டுகளை எதிரெதிராக, கையேட்டில் உள்ள அளவுக்கு டார்க் ரெஞ்சால் (முறுக்கு விசையை அளந்து முறுக்கும் சாவி) முறுக்குங்கள். 80 கிலோமீட்டர் ஓட்டியபின் இன்னொருமுறை சரிபாருங்கள். கட்டைகளைக் கடைசியில் எடுத்து எண்ணுங்கள். எனக்கு ஒருமுறை மூன்றுதான் கைக்கு வந்தன. நான்காவதன்மேல் வண்டி ஏறி இறங்கியபோது அலமாரியிலிருந்த தட்டுகள் அனைத்தும் தரைக்கு வந்துவிட்டன.