லா கமீசா ரோஹா: ஸ்பானிஷில் பால் பிசகியதைச் சரிசெய்த விதம்

திருப்பூர் பனியன் கம்பெனியில் ஸ்பெயின் ஆர்டர் பார்க்கும்போது 'சட்டை' ஏன் பெண்பால், 'நூல்' ஏன் ஆண்பால் என்றே முட்டிக்கொண்டிருந்தேன். தமிழில் இரண்டுமே அஃறிணைதானே. பொருளில் காரணம் தேடியதுதான் தப்பு. அங்கே பால் சொல்லுக்கு.

சொல்லைத் தனியாக எழுதுவதை நிறுத்தினேன். முன்னால் எல் (ஆண்பாலுக்கு வரும் முன்சொல்) அல்லது லா (பெண்பாலுக்கு), பின்னால் ஒரு நிறம்: லா கமீசா ரோஹா (சிவப்புச் சட்டை), எல் இலோ ரோஹோ (சிவப்பு நூல்). ரோஹோ, பிளாங்கோ (வெள்ளை), நேக்ரோ (கறுப்பு) போன்ற, பாலுக்கேற்ப முடிவு மாறும் நிறங்களையே எடுங்கள். அசூல் (நீலம்), வெர்தே (பச்சை) பாலுக்கேற்ப மாறாது, பழகுவதற்கு உதவாது.

'ஆ' முடிவு பெண்பால், 'ஓ' முடிவு ஆண்பால் என்பது பெரும்பாலும் சரி. வழுக்குமிடம், 'ஆ'வில் முடிந்தும் ஆண்பாலாக வரும் கிரேக்கவழி '-மா' சொற்கள்: எல் ப்ரோப்ளேமா (பிரச்சினை), எல் சிஸ்தேமா (அமைப்பு). லா மானோ (கை), எல் தியா (நாள்) இரண்டையும் அப்படியே மனப்பாடம் செய்துவிடுங்கள்.