‘டீ’க்கு அழைத்தால் வெறும் வயிற்றோடு செல்லுங்கள்: பிரிட்டிஷ் பேச்சுச் சொற்களைப் பழகும் முறை

ஆங்கிலச் செய்தித்தாளைத் தடையின்றிப் படிக்கத் தெரிந்தும், வட இங்கிலாந்து நகரமான ஷெஃபீல்டின் பேருந்து நிறுத்தத்தில் பக்கத்தில் நிற்பவர் சொல்வது புரியாமல் விழிப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். நானும் அங்கே அப்படித்தான் நின்றேன். முதல் மூன்று மாதங்கள், இணையத்தில் கிடைத்த ‘நூறு பிரிட்டிஷ் சொற்கள்’ வகைப் பட்டியல்களை மனப்பாடம் செய்தேன். சொல்லும் பொருளும் அவற்றில் இருந்தன. யார் யாரிடம் எந்த ஊரில் அதைச் சொல்வார்கள் என்பது மட்டும் இல்லை. அந்தக் குறையைச் சரிசெய்துகொண்ட விதமே கீழே உள்ள படிகள்.

முதல் படி: குறிப்பேடு

சட்டைப் பையில் அடங்கும் சிறிய குறிப்பேடு ஒன்றை வாங்கி, கேட்ட சொல், சொன்னவர், கேட்டவர், அடுத்து நடந்தது என்று நான்கு பத்திகள் போட்டுக்கொள்ளுங்கள். பொருளை எழுத அவசரப்பட வேண்டாம். அதே சொல்லை மூன்று வெவ்வேறு மனிதர்களின் வாயிலிருந்து கேட்ட பிறகு எழுதினால் போதும். கைப்பேசியில் சொல்லட்டைச் செயலிகளைப் பயன்படுத்துவோர் உண்டு. தேர்வுக்குப் படிக்க அவை நல்லவைதான் என்றாலும், முன்பக்கம் சொல்லும் பின்பக்கம் பொருளுமாக இருக்கும் அட்டையில் பேசிய மனிதருக்கு இடமில்லை என்பதால் நான் அவற்றைக் கைவிட்டேன்.

அகராதி தேவைப்பட்டால், ஜோனதன் கிரீன் தொகுத்து 2010இல் மூன்று தொகுதிகளாக வெளிவந்த கொச்சைச்சொல் அகராதியைப் பாருங்கள். அது இணையத்திலும் இருக்கிறது. ஒவ்வொரு சொல்லுக்கும் ஆண்டு வாரியாக மேற்கோள் தருகிறது. யார் வேண்டுமானாலும் எழுதக்கூடிய இணைய அகராதியான அர்பன் டிக்‌ஷனரியில் வேடிக்கைக்காக எழுதப்பட்ட பதிவுகளும் கலந்திருப்பதால், தொடக்கநிலையில் அந்தப் பக்கம் போகாதீர்கள்.

இரண்டாம் படி: வணக்கமும் நன்றியும்

‘ஆல்ரைட்?’ என்று எதிரில் வருபவர் கேட்டால், அவர் உங்கள் உடல்நிலையை விசாரிக்கவில்லை. நம் ஊரில் ‘சாப்பிட்டாச்சா?’ என்பதைப் போன்றது அது; ‘ஆல்ரைட்’ என்று திருப்பிச் சொல்லிவிட்டு நடக்கலாம். ‘சியர்ஸ்’ என்பது கோப்பையை உயர்த்தும்போது மட்டுமன்றி, பேருந்திலிருந்து இறங்கும்போது ஓட்டுநருக்கு நன்றியாகவும் சொல்லப்படும். யார்க்‌ஷயரில் ‘லவ்’, நாட்டிங்கம் பக்கத்தில் ‘டக்’, நியூகாசிலில் ‘பெட்’ என்று முன்பின் அறியாதவரும் உங்களை அழைக்கலாம். வெட்கப்படாமல் ஏற்றுக்கொள்ளுங்கள், ஆனால் பழகும் வரை திருப்பிச் சொல்லாதீர்கள்.

மூன்றாம் படி: மணியும் சாப்பாடும்

நான் தடுக்கி விழுந்த இடம் இதுதான். பக்கத்து வீட்டு அம்மையார் ஒருநாள், ‘சனிக்கிழமை ஹாஃப் ஃபைவுக்கு டீக்கு வாருங்கள்’ என்றார். அதற்கு முன் இரண்டு ஆண்டுகள் நான் ஜெர்மனியில் வேலை பார்த்திருந்தேன். அங்கே ‘ஹால்ப் ஃபுன்ஃப்’ என்றால் நாலரை மணி. அதே கணக்கில், நான்கு மணிக்குச் சோறும் சாம்பாரும் வயிறு நிறையச் சாப்பிட்டுவிட்டு, ஒரு பொட்டலம் பிஸ்கட்டுடன் நாலரைக்குக் கதவைத் தட்டினேன். கதவைத் திறந்தவரின் ஒரு கையில் தோல் சீவும் கத்தியும் மறு கையில் பாதி சீவிய உருளைக்கிழங்கும் இருந்தன. முகம் சுளிக்காமல் உட்காரவைத்தார். ஒரு மணி நேரம் கழித்து இறைச்சி அடைத்துச் சுட்ட ‘பை’ (pie), மசித்த உருளைக்கிழங்கு, பட்டாணி என்று தட்டுகள் வந்தபோதுதான், ‘டீ’ என்பது வட இங்கிலாந்தில் மாலைச் சாப்பாட்டுக்குப் பெயர் என்பது எனக்கு விளங்கியது. பாதிக்கு மேல் என்னால் உண்ண முடியவில்லை. சமையல் பிடிக்கவில்லை என்று அவர் நினைத்திருப்பாரோ என்ற கவலை இன்றும் எனக்கு உண்டு.

இதற்கு எளிய வழி தமிழிலேயே இருக்கிறது. ‘ஹாஃப்’ என்று கேட்டவுடன் அந்த அரையை எடுத்து எண்ணுக்குப் பின்னால் ஒட்டுங்கள்: ஐந்தோடு அரை, ஐந்தரை. ‘டீ’க்கு அழைப்பவரிடம் ‘சாப்பிடாமல் வரட்டுமா?’ என்று கேட்டுவிடுங்கள். அதை யாரும் தவறாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள்.

நான்காம் படி: பணம்

ஒரு பவுண்டு ஒரு ‘க்விட்’. பத்துப் பவுண்டும் ‘டென் க்விட்’ என்றே ஒருமையில் வரும். ஐந்து பவுண்டுத் தாள் ‘ஃபைவர்’, பத்து பவுண்டுத் தாள் ‘டென்னர்’, ஆயிரம் ‘கிராண்ட்’. தொடக்கத்துக்கு இவை போதும்.

ஐந்தாம் படி: ஒலி ஒன்றும் சொற்கள்

ஒரு சொல்லுக்குப் பதிலாக அதனோடு ஒலி இயையும் தொடரைச் சொல்லும் ‘ரைமிங் ஸ்லாங்’, லண்டனின் கிழக்குப் பகுதியில் பத்தொன்பதாம் நூற்றாண்டில் தழைத்த வழக்கு. 1859இல் ஜான் கேம்டன் ஹாட்டன் வெளியிட்ட கொச்சைச்சொல் அகராதியிலேயே இதைப் பற்றிய குறிப்பு உள்ளது. ‘லுக்’ என்பதற்கு இயைபாக ‘புட்சர்ஸ் ஹுக்’ என்ற தொடரைப் பிடிப்பார்கள். பிறகு இயைபு உள்ள ‘ஹுக்’கையே விழுங்கிவிட்டு, ‘ஒரு பார்வை பார்’ என்பதற்கு ‘ஹேவ் எ புட்சர்ஸ்’ என்று பேசுவார்கள். தடயம் அழிந்துவிடுவதால் ஊகித்துக் கண்டுபிடிக்க முடியாது. கேட்டுத்தான் தெரிந்துகொள்ள வேண்டும். இதே பொருளில் ‘டெக்கோ’ என்றொரு சொல்லும் உண்டு. இந்தியாவில் இருந்த பிரிட்டிஷ் சிப்பாய்கள் இந்தி ‘தேக்கோ’வைத் தங்களோடு கொண்டுபோனதன் மிச்சம் அது.

ஆறாம் படி: நாம் கொண்டுவரும் சொற்கள்

நாம் ‘பேன்ட்’ என்பதை அங்கே ‘ட்ரௌசர்ஸ்’ என்பார்கள். ‘பேன்ட்ஸ்’ என்றால் உள்ளாடை. நமக்கோ ‘டவுசர்’ என்றால் அரைக்கால் சட்டை. ஆகவே துணிக்கடையில் இரண்டு பக்கமும் குழப்பம் வரும். சொல்வதோடு நிறுத்தாமல் கையால் சுட்டிக் காட்டுவது நல்லது. பாராட்டிலும் கவனம் தேவை: ‘நாட் பேட்’ என்றால் பெரும்பாலும் நன்றாக இருக்கிறது என்று பொருள், ‘க்வைட் குட்’ என்பது பல வேளைகளில் அதைவிடக் குறைந்த பாராட்டு.

பிற்சேர்க்கை: லங்காஷயரில் வசிக்கும் வாசகர் ஒருவர், தங்கள் பக்கத்தில் ‘பேன்ட்ஸ்’ என்று முழுக்கால் சட்டையையே சொல்வதாகச் சுட்டிக்காட்டினார், அவர் சொல்வது சரி, ஆறாம் படியை அங்கே அப்படியே பின்பற்ற வேண்டாம். பள்ளியிலிருந்து வந்த ‘ஸ்கூல் டின்னர்’ கடிதத்தைப் பார்த்து, மகளை இரவு வரை அங்கேயே வைத்திருப்பார்களோ என்று அஞ்சியதாக இன்னொருவர் எழுதியிருந்தார். அது மதியச் சாப்பாடு.