முதலில் சீட்டைச் சரிசெய்யுங்கள்

பள்ளி நாட்களுக்குப் பிறகு மறுபடியும் சைக்கிளைத் தொடுபவர்கள் பலர், நாலாம் நாளே முழங்கால் வலிக்கிறது என்று ஓரங்கட்டிவிடுகிறார்கள். பெரும்பாலும் கோளாறு சீட்டின் உயரத்தில்தான்.

சுவரைப் பிடித்தபடி சீட்டில் உட்கார்ந்து குதிகாலைப் பெடலில் வையுங்கள். பெடல் கீழே போய் நிற்கும்போது கால் நேராக நீள வேண்டும். ஓட்டும்போது முன்பாதத்தால்தான் மிதிப்போம் என்பதால் முழங்கால் லேசாக மடங்கியிருக்கும், அதுதான் அளவு. இரண்டு பாதமும் தரையில் முழுதாகப் பதிய வேண்டும் என்று சீட்டைத் தாழ்த்திவிடாதீர்கள். பயத்தில் நானும் அப்படித்தான் ஒரு மாதம் ஓட்டி, தைலம் தேய்த்துக்கொண்டிருந்தேன். நிறுத்தும்போது சீட்டிலிருந்து முன்பக்கமாக இறங்கி ஒரு காலை ஊன்றினால் போதும்.

காற்றின் அளவு டயரின் பக்கவாட்டிலேயே அச்சிட்டிருக்கும். ஹெல்மெட்டின் வார் தாடைக்கடியில் இறுக்கமாக இருக்கட்டும்.

கிருஷ்ணகிரிக்காரர்கள் பழகுவதற்கு நான்குவழிச் சாலைக்குப் போக வேண்டாம், விடிந்ததும் கே.ஆர்.பி. அணைப் பக்கத்துக் கிராமச் சாலைகளில் ஓட்டிப் பாருங்கள். மாங்காய்ப் பருவத்தில் மட்டும் சுமை வண்டிகள் வரும், ஒதுங்கி வழிவிடுங்கள். தருமபுரி நண்பர்களே, நீண்ட இறக்கமுள்ள தொப்பூர் கணவாய் ஆசை இப்போதைக்கு வேண்டவே வேண்டாம். சிறு இறக்கத்திலும் இரண்டு பிரேக்கையும் சேர்த்து, மெல்ல அழுத்துங்கள். முன் பிரேக்கை மட்டும் வெடுக்கென்று பிடித்தால் பின்சக்கரம் தூக்கிவிடும்.