ஒரே பல் டாக்டரிடம் தொடர்ந்து போங்கள்: எதைக் கேட்டு வாங்குவது, எதைச் சொல்லி வைப்பது

வலி வந்தால் மட்டும், அன்றைக்குத் திறந்திருக்கிற கிளினிக்குக்கு ஓடுவது பலருடைய பழக்கம். வலி தீர்ந்துவிடும். ஆனால் உங்கள் வாய் போன வருஷம் எப்படி இருந்தது என்பது அங்கே யாருக்கும் தெரியாது. அது தெரியாமல் எடுக்க முடியாத முடிவுகள் பல் வைத்தியத்தில் நிறைய உண்டு.

ஈறைப் பாருங்கள். மில்லிமீட்டர் கோடு போட்ட மெல்லிய கம்பியை ஈறுக்கும் பல்லுக்கும் நடுவே விட்டு, பல்லுக்கு ஆறு இடத்தில் ஆழம் அளப்பார்கள். 3 மி.மீ. வரை கவலையில்லை. ஓர் இடத்தில் 5 வருகிறது என்றால், முன்பு 3 இருந்து ஏறியதா, 7 இருந்து இறங்கியதா? ஏறியிருந்தால் நோய் முற்றுகிறது. இறங்கியிருந்தால் சிகிச்சை பலிக்கிறது. பழைய அளவு எழுதி வைத்தவருக்குத்தான் இது தெரியும்.

சொத்தையும் அப்படித்தான். இரண்டு பற்களுக்கு இடையில், எனாமலை (பல்லின் கெட்டியான மேல் உறை) தாண்டாத ஆரம்பச் சொத்தையைத் துளைக்காமல் ஃபுளோரைடு பூசிக் கண்காணிக்கலாம். பல் இடுக்குகளைக் காட்டும் பைட்விங் எக்ஸ்ரேயை அடுத்த தடவை எடுக்கும்போது சொத்தை வளரவில்லையென்றால் பல் தப்பித்தது. பழைய படம் இல்லாத புது டாக்டருக்கு அடைத்துவிடுவதே பத்திரமாகத் தோன்றலாம். துளைத்த பல் திரும்ப வளராது. அந்த அடைப்பை மாற்றும்போது குழி இன்னும் பெரிதாகும்.

முதல் தடவை போகும்போது எல்லா மருந்துச் சீட்டுகளையும் எடுத்துப் போங்கள். ரத்தம் உறையாமலிருக்கச் சாப்பிடும் மாத்திரை, சர்க்கரை அளவு, முக்கியமாக எலும்புத் தேய்மானத்துக்குப் போட்ட ஊசி. அந்த ஊசிகளில் சில, பல் பிடுங்கிய இடத்தில் தாடை எலும்பை ஆறவிடாமல் செய்யக்கூடும். நீங்களாக எந்த மருந்தையும் நிறுத்திவிட்டுப் போகாதீர்கள்.

எக்ஸ்ரேயைத் திரையிலிருந்து போட்டோ எடுக்காமல் அசல் ஃபைலாகவே வாங்குங்கள். வேர் சிகிச்சை செய்தால் பல்லின் எண்ணும் தேதியும் எழுதி வாங்குங்கள். 46 என்றால் கீழ் வலது முதல் பெரிய கடைவாய்ப்பல். இம்பிளான்ட் (தாடை எலும்பில் பதிக்கும் செயற்கை வேர்) என்றால் கம்பெனி, விட்டம், நீளம் அச்சிட்ட ஸ்டிக்கர் கட்டாயம் வேண்டும். பல வருஷம் கழித்து ஸ்க்ரூ தளர்ந்தால், அதற்குப் பொருந்தும் கருவியைத் தேட அதுதான் வழி.

அடுத்து எப்போது வரவேண்டும் என்று கேளுங்கள். எல்லோருக்கும் ஆறு மாதம் என்ற கணக்கு கிடையாது. ஈறு நோய்க்கு வைத்தியம் முடித்தவரை மூன்று மாதத்தில் வரச் சொல்லலாம். சொத்தையோ ஈறுப் பிரச்சினையோ இல்லாதவருக்கு ஒரு வருஷம்கூடப் போதும்.

பாக்கு, குட்கா போடுகிறவர்கள் வாய் எவ்வளவு திறக்கிறது என்பதை ஒவ்வொரு தடவையும் அளக்கச் சொல்லுங்கள். 40 மி.மீ. திறந்த வாய் 34 ஆகக் குறைந்தது உங்களுக்கே தெரியாமல் போகும், குறிப்பேட்டில் தெரியும். வாய்ப்புண் இரண்டு வாரத்தில் ஆறவில்லையென்றால் அடுத்த தேதிவரை காத்திருக்காதீர்கள்.

அளவே எடுக்காத, குறிப்புகளின் நகலைத் தர மறுக்கிற டாக்டரிடம் வருஷக்கணக்கில் போயும் பயனில்லை, மாற்றிவிடுங்கள். ஊர் மாறுகிறவர்கள் ஈறு அளவு, எக்ஸ்ரே, செய்த சிகிச்சைகளின் பட்டியல் மூன்றையும் கிளம்பும் முன்பே வாங்கிக்கொள்ளுங்கள்.