291 டிக்கெட், 3 பேர்: அறியாத வெளிநாட்டுக் குழுவுக்கு டிக்கெட் விற்கும்போது நேரும் தவறுகள்

2018 நவம்பரில் லண்டனின் கேம்டன் பகுதியில் உள்ள அண்டர்வேர்ல்ட் அரங்கில், லாஸ் ஏஞ்சலிஸிலிருந்து வந்த திரெட்டின் என்ற மெட்டல் (கனத்த ராக் இசை) குழு வாசித்தது. முன்கூட்டியே 291 டிக்கெட்டுகள் விற்றுவிட்டதாக அரங்கினரிடம் சொல்லியிருந்தார்கள். அன்று மாலை வந்தவர்கள் 3 பேர். பிரிட்டனின் மற்ற ஊர்களிலும் அதே நிலைதான். முகநூல் விருப்பங்கள் விலைக்கு வாங்கியவை என்பதும், குழுவின் சார்பில் பேசிய முகவர் நிறுவனமே போலி என்பதும் பிறகு வெளிவந்தன.

அது திட்டமிட்ட ஏமாற்று. ஆனால் எந்தக் கெட்ட எண்ணமும் இல்லாத ஏற்பாட்டாளர்கள் பலர், உண்மையான எண்களை வைத்துக்கொண்டே இதே பள்ளத்தில் விழுகிறார்கள். லண்டனில் சில ஆண்டுகளாகச் சிறு அரங்குகளில் வெளிநாட்டுக் குழுக்களின் நிகழ்ச்சிகளுக்குக் கைகொடுத்து வருகிறேன். சுவரொட்டி ஒட்டியிருக்கிறேன், வாசலில் நின்று டிக்கெட் சரிபார்த்திருக்கிறேன், நள்ளிரவில் கணக்கு முடித்திருக்கிறேன். என் முதல் அனுபவமே தோல்விதான். நால்வர் கொண்ட ஒரு குழு. அவர்களின் ஒரு காணொளியை 4 லட்சம் பேர் பார்த்திருந்தார்கள். அதை நம்பி 300 பேர் கொள்ளும் அரங்கைப் பிடித்தோம். வந்தவர்கள் 37 பேர். பாடகி கடைசிப் பாட்டு வரை எந்தக் குறையும் வைக்கவில்லை. இரவு சாப்பிடும்போது அவர் கேட்டார்: “இந்த ஊரில் எங்களைக் கேட்க யார் வருவார்கள் என்று நினைத்தீர்கள்?” என்னிடம் பதில் இல்லை.

அந்தக் கேள்விக்குப் பதில் தெரியாமல் டிக்கெட் விற்கத் தொடங்குவதுதான் முதல் தவறு. மற்ற தவறுகளில் பெரும்பாலானவை அதன் பிள்ளைகள்.

உலகம் முழுவதும் கேட்பவர்களை எண்ணுவது

ஒரு குழுவை மாதம் 2 லட்சம் பேர் கேட்கிறார்கள் என்றால், அவர்கள் எங்கே இருக்கிறார்கள் என்று பார்க்க வேண்டும். மெக்சிகோ சிட்டியிலும் ஜகார்த்தாவிலும் இருக்கும் ரசிகர் லண்டன் நிகழ்ச்சிக்கு வரப்போவதில்லை. ஸ்பாட்டிஃபை போன்ற தளங்கள் எந்த நகரத்தில் எத்தனை பேர் கேட்கிறார்கள் என்பதைக் கலைஞர்களுக்குக் காட்டுகின்றன. ஒப்பந்தம் பேசும் முன்பே அந்தப் பக்கத்தைக் குழுவிடம் கேட்டு வாங்குங்கள். தரத் தயங்கினால் அதுவும் ஒரு தகவல்தான். நகர எண் கைக்கு வந்த பிறகும் அதை அப்படியே டிக்கெட்டாக எண்ணக் கூடாது. பின்னணியில் ஓடிய ஒரு பாடலைக் கேட்டவரும் அந்த எண்ணுக்குள்தான் இருக்கிறார். முகநூலில் ‘ஆர்வம் உண்டு’ என்று அழுத்தியவர்களும் அப்படியே. பணம் கொடுத்துப் பதிவோ சட்டையோ வாங்கியவர்கள், குழுவின் மின்னஞ்சல் பட்டியலில் இருப்பவர்கள், பக்கத்து நகரத்தில் முன்பு வாசித்தபோது வந்தவர்கள் ஆகியோரே நம்பத்தக்க எண்ணிக்கை. பெரும்பாலும் அது 40, 50 என்றுதான் இருக்கும். அதைக் கண்டு சோர வேண்டாம். அந்த 40 பேரைச் சுற்றித்தான் நிகழ்ச்சியைக் கட்ட வேண்டும்.

அகலக்கால் வைப்பது

150 பேர் கொள்ளும் அறையில் 130 பேர் நின்றால் அது விழா. அதே 130 பேர் 400 பேருக்கான அரங்கில் நின்றால் துக்க வீடு. குழுவுக்கும் அப்படித்தான் தோன்றும், வந்தவர்களுக்கும் அப்படித்தான் தோன்றும், அடுத்த முறை டிக்கெட் வாங்க வேண்டியவர்களின் காதுக்கும் அதுதான் போய்ச் சேரும். சிறிய இடத்தைப் பிடித்து, விற்றுத் தீர்ந்தால் பெரிய இடத்துக்கு மாற்றுவதே நல்ல வழி. ஜப்பானின் பேபிமெட்டல் குழு 2014 ஜூலையில் லண்டனில் வாசித்தபோது, முதலில் எலெக்ட்ரிக் பால்ரூமில் அறிவித்திருந்த நிகழ்ச்சியைக் கூட்டம் அதிகமானதால் ஃபோரம் அரங்குக்கு மாற்றினார்கள். அதே ஆண்டு நவம்பரில் பிரிக்ஸ்டன் அகாடமி, 2016 ஏப்ரலில் வெம்பிளி அரங்கம் என்று படிப்படியாக ஏறினார்கள்.

இங்கே கணக்கைக் காகிதத்தில் போட்டுப் பார்ப்பது அவசியம். ஓர் உதாரணம். டிக்கெட் 15 பவுண்டு. பிரிட்டனில் பாடல் உரிமைக்காக பிஆர்எஸ் அமைப்புக்கு 4.2 சதவீதம் போகும்; மீதி 14.37. குழுவுக்கு உறுதியளித்த தொகை 1,000, அரங்க வாடகை 350, ஒலிப் பொறியாளர் 150, நால்வருக்கு ஒரு இரவுத் தங்கல் 240, சாப்பாடு 80, விளம்பரம் 100, முதலில் வாசிக்கும் உள்ளூர்க் குழுவுக்கு 100. மொத்தம் 2,020 பவுண்டு. 141 பேர் வந்தால்தான் கையைக் கடிக்காது. நம்பத்தக்க எண்ணிக்கையோ 50. இந்த இடைவெளியைப் பார்த்த பிறகும் “எப்படியாவது வந்துவிடுவார்கள்” என்று கையெழுத்துப் போடுவதை நான் பலமுறை பார்த்திருக்கிறேன். மாறாக, குழுவுக்கு உறுதித் தொகை 500 என்றும், செலவு எடுத்த பிறகு வரும் வருவாயில் பெரும்பங்கு அவர்களுக்கே என்றும் பேசினால், தேவைப்படும் எண்ணிக்கை 106 ஆகக் குறைகிறது. நிகழ்ச்சி நன்றாக ஓடினால் குழுவுக்கும் கூடுதலாகக் கிடைக்கும். இதை மறைக்காமல், கணக்குத் தாளையே அனுப்பிப் பேசினால் பெரும்பாலான சிறு குழுக்கள் ஏற்றுக்கொள்கின்றன.

அந்த நாட்டவர்கள் வந்துவிடுவார்கள் என்று நம்புவது

லண்டனிலும் டொராண்டோவிலும் தமிழ்த் திரையிசை நிகழ்ச்சிகளுக்குப் பெரிய அரங்குகள் நிறைவதைப் பார்த்துப் பழகிய நமக்கு, இந்தத் தவறு எளிதில் ஒட்டிக்கொள்கிறது. அங்கே வருபவர்கள் பிறந்தது முதல் கேட்ட பாடல்களுக்காக வருகிறார்கள். சொந்த நாட்டிலேயே நூறு பேருக்குத் தெரிந்த ஒரு குழு வெளிநாடு வந்ததும், அந்நாட்டிலிருந்து குடியேறியவர்கள் திரண்டு வர எந்தக் காரணமும் இல்லை. மாலியின் வடக்குப் பாலைவனத்தைச் சேர்ந்த துவாரெக் இசைஞர்களின் தினாரிவென் குழுவைப் பாருங்கள். 1970களின் இறுதியில் அல்ஜீரியாவில் அகதிகளாக இருந்தபோது உருவான குழு அது. பாலைவனத்தில் ஒலிநாடாக்கள் கைமாறிப் பரவிய அவர்களின் இசைக்கு, ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் டிக்கெட் வாங்கியவர்களில் மிகப் பெரும்பாலோர் துவாரெக் மக்கள் அல்லர். கிட்டார் இசையில் மனம் தோய்ந்தவர்கள். 2012இல் அவர்களின் ‘தஸ்ஸிலி’ இசைத் தொகுப்பு கிராமி விருது பெற்றது.

ஆகவே நாட்டைத் தேடாமல் ரசனையைத் தேட வேண்டும். அமெரிக்காவில் ஜப்பானியக் குழுக்களுக்கு வழி திறந்தது அனிமே எனப்படும் ஜப்பானிய அசைபடத் தொடர்களின் ரசிகர் மாநாடுகள் வழியாக. லார்க்-ஆன்-சியெல் குழுவின் முதல் அமெரிக்க நிகழ்ச்சி 2004இல் பால்டிமோரில் நடந்த ஒட்டாகான் மாநாட்டில்தான். தொடர்களின் பாடல்களாக அவர்களை அறிந்தவர்கள் அங்கே ஏற்கெனவே கூடியிருந்தார்கள். எட்டே ஆண்டுகளில், 2012 மார்ச்சில், நியூயார்க்கின் மேடிசன் ஸ்கொயர் கார்டனில் வாசித்தார்கள்.

சில அரங்குகளே இப்படிப்பட்ட கூட்டத்தை வளர்த்து வைத்திருக்கின்றன. 2008இல் கிழக்கு லண்டனின் டால்ஸ்டன் பகுதியில் தொடங்கிய கஃபே ஓட்டோவுக்கு, யார் வாசிக்கிறார்கள் என்று தெரியாமலே, அந்த இடத்தின் தேர்வை நம்பி வருபவர்கள் உண்டு. அப்படிப்பட்ட அரங்கில் வாடகை சற்றுக் கூடுதலாக இருந்தாலும் அதையே தேர்வு செய்வேன்.

நாட்டின் பெயரையே விற்பது

1987இல் லண்டனின் எம்ப்ரஸ் ஆஃப் ரஷ்யா என்ற மதுக்கூடத்தில், சிறு இசைப்பதிவு நிறுவனத்தார் கூடி ‘வேர்ல்ட் மியூசிக்’ என்ற பெயரைப் பொதுவாகப் பயன்படுத்த முடிவு செய்தார்கள். கடைக்காரர்களுக்கு இந்தப் பதிவுகளை எந்த அலமாரியில் வைப்பது என்று தெரியவில்லை. அதற்கான ஏற்பாடு அது. அலமாரிக்கு உதவிய அந்தப் பெயர் சுவரொட்டிக்கு உதவாது. ‘மங்கோலியாவிலிருந்து முதன்முறையாக’ என்று எழுதினால் வாசிப்பவருக்கு எந்த ஒலியும் காதில் விழாது. மங்கோலியாவின் தி ஹூ குழு 2018இல் வெளியிட்ட இரண்டு காணொளிகளில் குதிரைத்தலை வயலினும் தொண்டையடியிலிருந்து எழும் பாட்டும் கனத்த ராக் தாளத்தோடு சேர்ந்து ஒலித்தன. கேட்டவுடன் மெட்டல் ரசிகருக்குப் புரிந்தது, இது தனக்கான இசை என்று. 2019இல் ஐரோப்பாவிலும் வட அமெரிக்காவிலும் அவர்கள் பயணம் செய்தார்கள். சுவரொட்டியில் இரண்டு வரிதான் இடம் இருக்கும். அதில் ஒலியைச் சொல்லுங்கள். டிக்கெட் பக்கத்தில் ஒரு பாட்டை, அதுவும் மேடையில் வாசித்த ஒன்றை, முதலில் வையுங்கள். குழுவின் பெயரை எல்லா இடத்திலும் ஒரே எழுத்துக்கூட்டலில் எழுதுங்கள். இரண்டு விதமாக எழுதினால் தேடுபவர் கண்ணில் படாமலே போகும்.

உள்ளூர்க் குழு ஒன்றை முதலில் வாசிக்க வைப்பதைச் செலவாகப் பார்க்கிறவர்கள் உண்டு. 30 நண்பர்களை அழைத்துவரும் ஒரு குழுவுக்கு 100 பவுண்டு அதிகமில்லை. ஆனால் ரசனை பொருந்த வேண்டும். வாசித்து முடித்ததும் நண்பர்களோடு கிளம்பிப் போகும் குழுவால் பயன் இல்லை.

விசாவுக்கு முன் விற்பனை

2017 மார்ச்சில் இத்தாலியின் சோவியத் சோவியத் குழு, ஆஸ்டினில் நடக்கும் சவுத் பை சவுத்வெஸ்ட் விழாவையொட்டி அமெரிக்கா வந்தது. ஊதியம் இல்லாத விளம்பர நிகழ்ச்சிகள்தான் என்று நம்பி, விசா இல்லாமல் இணைய அனுமதியோடு சியாட்டிலில் இறங்கினார்கள். இரண்டு இடங்களில் பார்வையாளர்களிடம் நுழைவுக் கட்டணம் வாங்கவிருந்தார்கள் என்பது அதிகாரிகளுக்குத் தெரியவந்தது. அப்படியானால் வேலைக்கான விசா வேண்டும் என்றார்கள். ஓர் இரவு சிறையில் இருந்துவிட்டு இசைஞர்கள் ஊர் திரும்பினார்கள். நினைக்கும்போதெல்லாம் எனக்கு மனம் கனக்கிறது. “நுழைவுக் கட்டணம் உண்டா?” என்ற ஒரே ஒரு கேள்வியை ஏற்பாட்டாளர்கள் முன்பே கேட்டிருந்தால் அந்த இரவு நேர்ந்திருக்காது.

இசைக்குழுக்களுக்கான பி (P) வகை அமெரிக்க விசாவுக்கு அடிப்படை மனுக் கட்டணம் 2024 ஏப்ரலில் 460 டாலரிலிருந்து 1,015 டாலராக உயர்ந்தது. சிறு நிறுவனங்களுக்கும் லாப நோக்கற்ற அமைப்புகளுக்கும் ஏறக்குறைய பாதி. வழக்கறிஞர் செலவும் தூதரக நேர்காணலும் தனி. பிரிட்டனிலும் வோமாட் என்ற உலக இசை விழாவின் அமைப்பாளர்கள் 2018இல் வெளிப்படையாகவே சொன்னார்கள்: விசா அலைச்சலுக்கு அஞ்சிக் கலைஞர்கள் அழைப்பையே மறுக்கிறார்கள் என்று. விசா கையில் வரும் முன் டிக்கெட் விற்றே ஆக வேண்டிய நிலை பல நேரங்களில் வரும். அப்போது தேதி தள்ளிப்போனால் பணம் எப்படித் திரும்பும் என்பதை டிக்கெட் பக்கத்திலேயே எழுதிவிட வேண்டும். டிக்கெட் பணத்தை எடுத்து விமானச் செலவுக்குக் கொடுப்பது மட்டும் எந்த நிலையிலும் கூடாது.

வரியைப் பற்றி ஒரே ஒரு எச்சரிக்கை. “கையில் 1,000 தருகிறோம்” என்று வாய்வார்த்தையாகச் சொல்லிவிடாதீர்கள். ஜெர்மனியில் வெளிநாட்டுக் கலைஞருக்குத் தரும் தொகையில் 15.825 சதவீதம் பிடித்தம் உண்டு. வரி போக 1,000 யூரோ என்று ஒப்புக்கொண்டால் உங்கள் பையிலிருந்து சுமார் 188 யூரோ கூடுதலாகப் போகும். அமெரிக்காவில் பிடித்தம் 30 சதவீதம்.

கடைசி வாரத்துப் பதற்றம்

சிறு நிகழ்ச்சிகளுக்குக் கடைசிச் சில நாட்களில்தான் பலர் டிக்கெட் வாங்குகிறார்கள். அந்த நேரத்தில் பயந்துபோய் விலையைப் பாதியாக்குவது, இரண்டு மாதம் முன்பே முழு விலை கொடுத்த அந்த 40 பேருக்குச் செய்யும் அநீதி. அடுத்த முறை அவர்களும் காத்திருப்பார்கள். அதைவிட, ஏற்கெனவே வாங்கியவர் ஒரு நண்பரை இலவசமாக அழைத்துவரலாம் என்று அறிவியுங்கள். இசைப்பள்ளி மாணவர்களுக்கும் உள்ளூர் வானொலிக்காரர்களுக்கும் பெயர் குறித்து அழைப்பு அனுப்புங்கள். பெயர் தெரியாதவர்களுக்கு அள்ளி வீசிய இலவச டிக்கெட்டுகளில் பாதிப் பேர்கூட வருவதில்லை.

நிகழ்ச்சி முடிந்த இரவு நாங்கள் இப்போது தவறாமல் செய்யும் ஒன்று உண்டு. வாசலில் ஒரு நோட்டு வைத்து, விருப்பம் உள்ளவர்களிடம் பெயரும் மின்னஞ்சலும் எழுதி வாங்குகிறோம். குழுவைப் பற்றி எப்படி அறிந்தார்கள் என்றும் கேட்கிறோம். டோக்கியோவில் தெருவோரம் வாசித்துத் தொடங்கிய கிககாகு மோயோ குழு, ஆண்டுக்கு ஆண்டு ஐரோப்பாவுக்கும் அமெரிக்காவுக்கும் திரும்பத் திரும்ப வந்துதான் தன் ரசிகர்களைச் சேர்த்தது. 37 பேர் மட்டும் வந்த அந்த நால்வர் குழுவும் இரண்டு ஆண்டு கழித்து மீண்டும் லண்டன் வந்தது. இம்முறை 120 பேருக்கான அறை. முதல் அறிவிப்பை அந்த நோட்டில் இருந்த 22 பேருக்குத்தான் அனுப்பினோம். அவர்களில் 17 பேர் வாங்கினார்கள், பெரும்பாலோர் இரண்டு டிக்கெட்.