ஏற்பிக் கொத்துகளை எண்ணும் முன்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

நரம்பே இல்லாத வளர்ப்புத் தட்டிலும், தசைச் செல்களில் நரம்பின் செய்தியைப் பெறும் ஏற்பிகள் கொத்தாகச் சேரும். இதை மறந்துவிட்டுச் சோதனையில் இறங்குவதுதான் நான் அடிக்கடி பார்க்கும் தவறு.

சுண்டெலித் தசையிலிருந்து வந்த சி2சி12 செல்கள் ஒன்றோடொன்று இணைந்து தசைக்குழல்களாக நீளும். அவற்றின் மேற்பரப்பில், நரம்பு விடும் அசிட்டைல்கோலின் என்ற வேதிப்பொருளைப் பற்றும் ஏற்பிகள் பரவிக் கிடக்கும். அக்ரின் புரதத்தைச் சேர்த்தால் அது தசைச் செல்லின் மேற்பரப்பில் உள்ள எல்ஆர்பி4 புரதத்தைப் பற்றும், அதனால் மஸ்க் என்ற நொதி தூண்டப்படும், முடிவில் செல்லின் உள்ளே இருக்கும் ராப்சின் என்ற புரதம் ஏற்பிகளைச் சேர்த்துப் பிணைக்கும். ஆனால் அக்ரின் இல்லாமலும் சில கொத்துகள் தாமாகவே தோன்றிவிடும். தட்டில் லேமினின் என்ற புரதம் பூசியிருந்தால் இன்னும் பெரிதாக, துளைகளோடு தோன்றும். ஆகவே அதே நாளில், அதே செல்களில், அக்ரின் சேர்க்காத ஒரு தட்டு கட்டாயம் வேண்டும்.

எந்த அக்ரின் என்பதையும் பாருங்கள். தசையும் அக்ரினைச் சுரக்கிறது. அதில் இசட் எனப்படும் சிறு புரதத் துண்டு இல்லாததால் கொத்தாக்கும் திறன் மிகக் குறைவு. நரம்பு அக்ரினில்தான் அந்தத் துண்டு உண்டு. தவறான வகையைச் சேர்த்துவிட்டு, பாவம், செல்களைக் குறை சொல்கிறோம்.

செல்களைப் பெருக்கும் கட்டத்தில் தட்டு நிரம்ப விடாதீர்கள். இணையக்கூடியவை இணைந்து போய்விடும், இணையாதவையே அடுத்த தட்டுக்கு மிஞ்சும். நெருக்கமாக வளர்ந்த பிறகு 2% குதிரை சீரம் கலந்த வளர்ப்பு ஊடகத்துக்கு மாற்றுவது குழல் உருவாக்கும்போது மட்டும்.

நிறமேற்றுவதில் வரிசைதான் முக்கியம். செல்சவ்வைத் துளைத்துவிட்டு ஏற்பியைப் பற்றும், ஒளிரும் சாயம் இணைத்த ஆல்ஃபா-பங்காரோடாக்சின் என்ற நச்சை ஊற்றினால் உள்ளே இருக்கும் ஏற்பிகளும் சேர்ந்து ஒளிரும். உயிருள்ள செல்லுக்கு முதலில் நச்சு, பிறகுதான் செல்களை அப்படியே நிலைப்படுத்தும் ஃபார்மால்டிஹைடு. நம் ஊர்க் கட்டுவிரியனின் பேரினத்தைச் சேர்ந்த தைவான் பாம்பின் நச்சு இது. ஏற்பியைப் பிடித்தால் எளிதில் விடாது. அந்தப் பிடியை நம்பித்தான் 1977-இல் ஆண்டர்சன், கோஹன் என்ற ஆய்வாளர்கள் தவளைத் தசைச் செல்களின் ஏற்பிகளுக்கு முன்கூட்டியே அடையாளமிட்டார்கள். பிறகு நரம்புச் செல்களைச் சேர்த்தபோது, ஏற்கெனவே இருந்த ஏற்பிகளே நரம்பு தொட்ட இடத்துக்கு நகர்ந்து வந்து சேர்ந்தன. எத்தனை முறை நினைத்தாலும் எனக்குச் சிலிர்க்கிறது.

கடைசியாக, எண்ணிக்கை. ஒரு பார்வைப்புலத்துக்கு எத்தனை கொத்து என்று எண்ணினால், குழல்கள் குறைவான தட்டில் கொத்தும் குறைவாகவே தெரியும். குழலின் நீளத்தால் வகுங்கள். எந்த அளவுக்கு மேல் இருந்தால் கொத்து என்பதை முன்பே முடிவுசெய்து எழுதிவையுங்கள். எந்தத் தட்டில் அக்ரின் இருக்கிறது என்பதை வேறொருவர் மறைத்துத் தந்த பிறகே எண்ணத் தொடங்குங்கள்.